வீட்டு இணையத்தைச் சேவை மறுப்புத் தாக்குதலிலிருந்து காப்பது: புதிய ரவுட்டர் வாங்கினால் போதுமா?

கேள்வி: கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி
2025 பெப்ரவரி 2

சாதாரண தர மாணவர்களுக்கு மாலையில் சூம் வழியாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். மார்ச் 17ஆம் திகதி பரீட்சை தொடங்குகிறது. சில வாரங்களாக இரவு ஏழரை மணிக்குப் பிறகு இணைப்பு விட்டு விட்டு வருகிறது. என் தம்பி ஃப்ரீ ஃபயர் விளையாடுபவன். அவனிடம் தோற்ற யாரோ ஒருவன், “உன் வீட்டு இணையத்தை விழுத்திக் காட்டுகிறேன்” என்று எழுதியிருக்கிறான். அவன்தான் தாக்குகிறான் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். ஹட்டனில் ஒரு கடையில் விசாரித்தேன். ‘டிடொஸ் பாதுகாப்பு’ என்று பெட்டியில் அச்சிட்ட ரவுட்டர் ஒன்றைக் காட்டினார்கள். இதைப் பூட்டினால் எவராலும் அசைக்க முடியாதாம். விலையைக் கேட்டால் என் அரை மாத வருமானம். வாங்கலாமா அண்ணா?

பெப்ரவரி 2, இரவு

வாங்காதீர்கள் தங்கை. அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

சேவை மறுப்புத் தாக்குதல் என்பது குப்பைத் தரவைக் கொட்டி உங்கள் இணைப்பை அடைத்துவிடுவது. பல இயந்திரங்களிலிருந்து ஒரே நேரத்தில் கொட்டினால் அதுதான் ‘டிடொஸ்’. பெட்டியில் அச்சிட்டிருப்பது பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ரவுட்டருக்குள் ஒரு வசதி இருக்கும். இணையத்தில் தரவு சிறு துண்டுகளாகப் போகும், அவைதான் பொதிகள். பிங் பொதிகளோ (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனைச் செய்தி), பாதியில் விடப்பட்ட இணைப்புக் கோரிக்கைகளோ நொடிக்கு இத்தனைக்கு மேல் வந்தால் அவற்றைத் தூக்கி எறியும். வீட்டுக்குள்ளிருக்கும் ஒரு கணினி கிறுக்குப் பிடித்தாலோ, வெளியிலிருந்து யாராவது சிறிதாகச் சீண்டினாலோ அது உதவும். ஆனால் அது எறிவதற்கு முன்பே அந்தப் பொதி உங்கள் கம்பி வழியாக வீட்டுவாசல் வரை வந்துவிட்டது. உங்கள் இணைப்பு நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எதிரி 500 மெகாபிட் அனுப்புகிறான். நிறுவனத்தின் பக்கத்திலேயே அந்த 20 மெகாபிட்டும் குப்பையால் நிரம்பிவிடும். உங்கள் மாணவர்களின் குரல் மீதி 480 மெகாபிட்டோடு வெளியே நிற்கும். ரவுட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் குப்பையை அடையாளம் கண்டாலும் அந்தக் குரலை உள்ளே கொண்டுவர அதனால் முடியாது.

மேலே ஓடை பெருகிச் சேறாக வரும்போது பீலியடியில் குடத்தின் வாய்க்குத் துணி கட்டி என்ன பயன்? மேலே போய் வாய்க்காலைத் திருப்ப வேண்டும். நம் விஷயத்தில் அந்த ‘மேலே’ என்பது இணைப்புத் தரும் நிறுவனம். வீட்டில் இருக்கிற நாம் செய்யக்கூடிய உருப்படியான வேலை மூன்றுதான். நம் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்வது. நம் வீட்டுச் சாதனங்கள் பிறரைத் தாக்கப் போகாமல் தடுப்பது. மூன்றாவதைப் பற்றிப் பிறகு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உங்களை யாராவது உண்மையில் தாக்குகிறார்களா?

பெப்ரவரி 3

பகலில் யோசித்துப் பார்த்தேன். உங்கள் தம்பியின் விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃப்ரீ ஃபயர், பப்ஜி போன்ற விளையாட்டுகளில் இரண்டு பேரின் கைத்தொலைபேசிகளும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இரண்டும் விளையாட்டு நிறுவனத்தின் சேவையகத்தோடுதான் பேசுகின்றன. ஆகவே எதிரே விளையாடுபவனுக்கு உங்கள் ஐபி முகவரி தெரிய வழியில்லை. முகவரி தெரியாமல் தாக்க முடியாது. ஆட்டக்காரர்களில் ஒருவரின் இயந்திரமே மற்றவர்களுக்குச் சேவையகமாக நிற்கும் விளையாட்டுகளும் உண்டு. அங்கே கதை வேறு.

தம்பியிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்: அந்த ஆள் ஏதாவது இணைப்புச் சுட்டி அனுப்பினானா, இவன் அதைத் திறந்தானா? திறந்தவரின் முகவரியைக் குறித்துவைக்கும் சுட்டிகள் இருக்கின்றன. “இலவச வைரம்” என்று வருபவற்றிலும் அந்த வகை உண்டு.

இன்று மாலை இதைச் செய்து பாருங்கள். மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் இணையுங்கள். கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, இன்னொன்றில் கூகிளின் பொதுச் சேவையகமான 8.8.8.8க்குத் தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். இணைப்பு தடுமாறும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். கேபிளில் ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து, வைஃபையில் மட்டும் தடுமாறினால் குற்றம் உங்கள் சுவரிலும் வைஃபையிலும். ரவுட்டர் நன்றாக இருந்து 8.8.8.8இன் பதில் நேரம் மட்டும் 40இலிருந்து 900 மில்லிசெக்கனுக்குத் தாவினால் குற்றம் அதற்கு அப்பால். அப்போதும் தாக்குதல் என்று முடிவுகட்ட வேண்டாம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘பெறப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’ என்று இரண்டு எண்ணிக்கை ஓடும். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அவற்றைக் கவனியுங்கள். யாரும் எதையும் பயன்படுத்தாதபோது ‘பெறப்பட்டது’ பாய்ந்து ஏறினால்தான் வெளியிலிருந்து வெள்ளம் வருகிறது. ‘அனுப்பப்பட்டது’ பாய்ந்து ஏறினால் அது இன்னும் மோசமான செய்தி.

ரவுட்டரில் வெளிப்பக்க முகவரி என்ன என்பதையும் எழுதுங்கள். முழுவதையும் பொதுவில் போட வேண்டாம், முதல் எண் போதும்.

பெப்ரவரி 5

கொட்டகலைத் தங்கை பதில் எழுதியிருக்கிறார்: இணைப்பு 4ஜி, வெளிப்பக்க முகவரி 10 என்று தொடங்குகிறது. தம்பி எந்தச் சுட்டியையும் திறக்கவில்லையாம்.

10 என்று தொடங்குவது இணையத்தில் நேரடியாக அடையக்கூடிய முகவரி அல்ல. உள்வலைகளுக்காக ஒதுக்கப்பட்டது. 192.168, 172.16 முதல் 172.31 வரை, இவையும் அப்படியே. 2012இல் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையையும் இணைப்பு நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் இவற்றில் ஒன்று தெரிந்தால், பெரும்பாலும் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பொதியை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் இயந்திரத்துக்குத் தெரியாது. எனவே அங்கேயே விழுந்துவிடும். அந்தப் பொது முகவரியையே ஒருவன் பெரிதாக அடித்தால் நீங்கள் மட்டுமல்ல, உங்களோடு அதைப் பகிரும் எல்லோரும் பாதிக்கப்படுவார்கள். அப்போது நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தாங்களாகவே எழுந்து ஓடுவார்கள்.

பகிர்ந்த முகவரியைத் திட்டி எழுதுபவர்கள் இங்கே நிறையப் பேர். வீட்டுக் கமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியவில்லை, சேவையகம் நடத்த முடியவில்லை என்பார்கள். அந்தக் குறை உண்மைதான். ஆனால் வகுப்பு எடுக்கிற ஒருவருக்கு அது இலவசமாகக் கிடைத்த மதில்.

பெப்ரவரி 10

நேற்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது. இன்றும் ஒன்றரை மணிநேர வெட்டு. ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு மின்கலப் பெட்டி வைத்திருந்தவர்கள் சற்று நேரம் தப்பினார்கள், பிறகு கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. மின்சாரம் திரும்பியதும் பலருக்கு வெளிப்பக்க முகவரி மாறியிருக்கும். வழக்கமான வீட்டு இணைப்புகளில் முகவரி நிரந்தரமல்ல. தாக்கப்படுகிறவருக்கு முதல் நிவாரணமும் இதுதான்: ரவுட்டரை அணைத்து, சிறிது நேரம் விட்டு, மீண்டும் போட்டால் புதிய முகவரி கிடைக்கலாம். சில நிறுவனங்கள் பழைய முகவரியையே ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் பெயரில் வைத்திருக்கும். அங்கே ஐந்து நிமிடம் போதாது, இரவு முழுவதும் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். கட்டணம் கட்டி நிலையான முகவரி எடுத்தவர்களுக்கு எத்தனை முறை அணைத்தாலும் மாறாது.

பெப்ரவரி 15

கொட்டகலை விடயம் தெளிவாகிவிட்டது. தாக்குதல் எதுவும் இல்லை.

அவர் பொறுமையாகக் குறித்து அனுப்பிய நேரங்களைப் பார்த்தால் ஒழுங்கு தெரிகிறது. ரவுட்டருக்கான பிங் ஒரு மில்லிசெக்கன், அசையவில்லை. வெளியே போகும் பிங் ஏழரைக்கு மேல் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ‘அனுப்பப்பட்டது’ எண்ணிக்கை அதே நேரத்தில் ஏறுகிறது. ஏழரைக்கு அப்பா வேலையிலிருந்து வந்து கைத்தொலைபேசியைச் சார்ஜில் போடுகிறார். அது வைஃபையைக் கண்டதும் படங்களையும் வீடியோக்களையும் மேகக் களஞ்சியத்துக்கு ஏற்றத் தொடங்குகிறது. 4ஜியில் மேலேற்றும் வேகம் சொற்பம். அந்த வரிசையில் ஆசிரியையின் குரல் கடைசியில் நிற்கிறது. போதாததற்கு அந்த நேரத்தில் கோபுரத்தில் ஊரே இருக்கிறது.

படப் பிரதியெடுப்பை நள்ளிரவுக்குப் பின் கைமுறையாகச் செய்யும்படி வைத்தார். வகுப்பு நேரத்தில் தம் வீடியோவை நிறுத்திக் குரலையும் திரைப் பகிர்வையும் மட்டும் அனுப்புகிறார். இப்போது வகுப்பு ஓடுகிறது. ரவுட்டரில் ‘எஸ்கியூஎம்’ என்ற வரிசை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் இதை இன்னும் அழகாகச் செய்யலாம். கேக், எஃப்கியூ-கோடெல் என்ற பெயர்களில் இருக்கும். மேலேற்றும் வேகத்தின் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாக எல்லை வைத்தால், பெரிய கோப்பு ஒன்று ஏறும்போதும் சிறு பொதிகள் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய ரவுட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியில் இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

2021இல் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது சிக்னலுக்காகப் பிள்ளைகள் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறிப் படித்ததைப் பார்த்தவன் நான். லயத்து அறையில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கும் வகுப்பு அது. பத்து நிமிடம் அறுந்தால் அந்தப் பத்து நிமிடத்தை அவர்களுக்கு யாரும் திருப்பிச் சொல்லிக்கொடுக்கப்போவதில்லை. அதனால்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன்.

பெப்ரவரி 16

நேற்றைய குறிப்பின் கீழே ஒருவர், “அந்த மிரட்டியவனின் முகவரியைக் கண்டுபிடித்துத் தந்தால் நான் பணம் கட்டித் திருப்பி அடிக்கிறேன், மாதத்துக்குச் சில டொலர்தான்” என்று எழுதியிருக்கிறார்.

வேண்டாம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வாடகைக்குத் தாக்கும் அந்தச் சேவைகளுக்குப் ‘பூட்டர்’ என்று பெயர். 2018 ஏப்ரலில் அவற்றுள் பெரிதான ஒன்றை ஐரோப்பியக் காவல்துறைகள் சேர்ந்து மூடின. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 48 தளங்களைப் பறிமுதல் செய்தார்கள். கட்டணம் கட்டியவர்களின் பட்டியலும் காவல்துறையின் கைக்குப் போனது. நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி ஒரு கணினியின் இயக்கத்தைக் கெடுப்பது அதன்படி குற்றம். உயர்தரம் படிக்கிற பையன் ஒருவன் விளையாட்டுக் கோபத்தில் வழக்குக்குள் போக வேண்டாம். நீங்கள் அடிக்கும் முகவரிக்குப் பின்னால் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதை 5ஆம் திகதிக் குறிப்பில் எழுதியிருக்கிறேன், திரும்பப் படியுங்கள்.

பெப்ரவரி 23

“அப்படியானால் வீட்டு இணைப்பை யாரும் தாக்குவதே இல்லையா?” என்று நோர்வூட் நண்பர் கேட்கிறார். தாக்குகிறார்கள். அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

டிக்கோயாவில் ஒரு பையன், நல்ல மூளை, வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் சேவையகம் நடத்தினான். பைபர் இணைப்பு. நிலையான பொது முகவரியும் எடுத்திருந்தான். கனடாவிலிருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், அவர்களின் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஆட்கள் பெருகினார்கள். முகவரியைப் பகிரங்கமாகவே போட்டிருந்தான். ஏமாற்றி விளையாடிய ஒருவனை வெளியேற்றினான். அந்த வாரக் கடைசியிலிருந்து இரவில் வீட்டு இணையம் முழுவதும் செத்தது.

வீட்டில் இணையம் என்றால் அவனுக்கு விளையாட்டு. அவன் பாட்டிக்கோ, குவைத்தில் வேலை செய்யும் மகளின் முகம். விடுமுறை நாளில் இரவு ஒன்பது மணிக்குத்தான் அந்த மகளுக்கு எசமான் வீட்டில் தொலைபேசி கையில் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் வெள்ளம் வந்தது.

நான் போனபோது எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டேன். ரவுட்டரின் வெளிப்பக்க விளக்கு நிற்காமல் துடித்தது. பெறப்பட்ட பொதிகளின் எண்ணிக்கை கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஏறியது. என்னிடமிருந்த லினக்ஸ் கணினியை முன்னால் வைத்துப் பொதிகளைப் பிடித்துப் பார்த்தேன். யுடிபி பொதிகள் (இணைப்பை முன்கூட்டி உறுதிசெய்யாமல் அனுப்பும் வகை), நூற்றுக்கணக்கான முகவரிகளிலிருந்து, மூலப் போர்ட், அதாவது புறப்பட்ட வாசலின் எண், 53, 123, 389 என்று வந்தன.

அந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கிறது. 53 தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவையகம், 123 நேரச் சேவையகம், 389 முகவரிப் புத்தகச் சேவை. தாக்குபவன் இவற்றுக்குச் சிறிய கேள்வி ஒன்றை அனுப்புகிறான், ஆனால் அனுப்புநர் இடத்தில் உங்கள் முகவரியை எழுதிவிடுகிறான். பெரிய பதில் உங்களுக்கு வருகிறது. நேரச் சேவையகத்தின் பழைய கட்டளை ஒன்றில் பதில் கேள்வியைப் போல 500 மடங்கைத் தாண்டும். 2018 பெப்ரவரியில் கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ச்சியது இதே முறைதான். அங்கே பயன்பட்டது மெம்கேஷ்டு என்ற மென்பொருள், அது 51,000 மடங்கு வரை பெருக்கக்கூடியது. ஆகவே பட்டியலில் தெரியும் முகவரிகளை எதிரி என்று நினைத்துத் துரத்தாதீர்கள். அவை ஏமாற்றப்பட்ட இயந்திரங்கள். பொய்யான அனுப்புநர் முகவரியோடு புறப்படும் பொதியை ஒவ்வொரு வலையும் தன் வாசலிலேயே தடுக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள். எல்லோரும் அதைச் செய்திருந்தால் இந்த வகைத் தாக்குதலே இருந்திருக்காது. இன்றும் செய்யாத வலைகள் இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிறுவனத்தை அழைத்தோம். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம். மறுபடி அழைத்தோம், மறுபடியும் அதையே சொன்னார்கள். அழைப்பை முதலில் எடுக்கும் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் கையில் இருக்கும் தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். நாம் பேசும் முறையை மாற்ற வேண்டியிருந்தது. “இணையம் வேலை செய்யவில்லை” என்று சொல்லாமல், “இந்த முகவரிக்கு, இத்தனை மணியிலிருந்து, இந்த மூலப் போர்ட்களிலிருந்து யுடிபி வெள்ளம் வருகிறது. வலை இயக்கப் பிரிவுக்குக் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கம் வேண்டும்” என்று எழுத்தில் அனுப்பினோம். மறுநாள் ஒரு பொறியியலாளர் அழைத்தார். ஐந்து நிமிடத்தில் விடயம் புரிந்துகொண்டார்.

அவர் செய்தது, அந்த முகவரியைக் கருந்துளையில் போட்டது. அதாவது அந்த முகவரிக்கு வருகிற எதையும் வலையின் எல்லையிலேயே கொட்டிவிடுவது. சேவையகம் உலகத்துக்கு இல்லாமல் போய்விட்டது, தாக்கியவன் நினைத்தது ஒருவகையில் நடந்தது. ஆனால் கம்பி காலியானது. பிறகு நிலையான முகவரியைக் கைவிட்டு மாறும் முகவரிக்கு வந்தான். சேவையகத்தைத் தாக்குதல் தடுப்போடு சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த இயந்திரத்துக்கு மாற்றினான். சகோதரர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். பாட்டிக்கு ஒன்பது மணி திரும்பக் கிடைத்தது.

வெளியாருக்கு எதையாவது நடத்த வேண்டும் என்றால் வீட்டு முகவரியில் நடத்தாதீர்கள். அது வலைத்தளமோ, விளையாட்டோ, கோயில் திருவிழா நேரடி ஒளிபரப்போ, எதுவாயினும்.

மார்ச் 2

மேலே சொன்னதைத் தொடர்ந்து, முகவரி எப்படியெல்லாம் கசிகிறது என்று கேட்டார்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு ஒரு வழி. தரம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு தொலைபேசிகளும் நேரடியாக இணைய முயலும். அப்போது எதிர்முனைக்கு உங்கள் முகவரி போகிறது. 2023 நவம்பரில் இதைத் தடுக்கும் தெரிவு வந்தது: அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் மேம்பட்டவை, ‘அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாத்தல்’. டெலிகிராமிலும் அழைப்புகளுக்கு நேரடி இணைப்பு வேண்டுமா என்ற தெரிவு தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது. வீட்டாரோடு பேசுவதற்கு இவை தேவையில்லை. அறிமுகமில்லாதவர்களோடு பேசுபவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், குரல் சற்றுத் தாமதமாகலாம்.

விபிஎன் பற்றியும் கேட்டார்கள். அது உங்கள் முகவரிக்குப் பதில் தன் முகவரியைக் காட்டும், அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் உண்மையான முகவரி ஏற்கெனவே எதிரியின் கையில் இருந்தால் விபிஎன் பயன்படாது. முதலில் முகவரியை மாற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். வரிசை முக்கியம்.

மார்ச் 9

முதல் குறிப்பில் மூன்றாவது வேலை என்று எழுதியிருந்தேன். அதற்கு ஏற்ற கேள்வி பண்டாரவளையிலிருந்து வந்திருக்கிறது.

அவர் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார். வெள்ளைக்காரர்கள் இணையம் மெதுவாக இருக்கிறது என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். இரவு மூன்று மணிக்கும் ரவுட்டர் விளக்கு ஆடுகிறது. பொது முகவரி உள்ள பைபர். எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னேன். ‘அனுப்பப்பட்டது’தான் பாய்ந்து ஏறியது. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றச் சொன்னேன். சிசிரிவி பதிவுப் பெட்டியின் கேபிளைக் கழற்றியதும் நின்றது.

அவரை யாரும் தாக்கவில்லை. அவருடைய பெட்டி வேறு யாரையோ தாக்கிக்கொண்டிருந்தது.

2016இல் மிராய் என்ற தீநிரல் உலகத்துக்குக் காட்டியது இதைத்தான். அது டெல்நெட் (சாதனத்தைத் தூரத்திலிருந்து இயக்கும் பழைய வழி) திறந்திருக்கும் சாதனங்களைத் தேடி, தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் சேர்க்கைகளை முயன்று உள்ளே புகும். பெரும்பாலும் கமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். அந்த ஆண்டு ஒக்டோபர் 21இல் டைன் என்ற பெயர்ச் சேவை நிறுவனத்தை அடித்து, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். அதை எழுதியவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள், மைன்கிராஃப்ட் சேவையகப் போட்டியில் தொடங்கியவர்கள். டிக்கோயாப் பையனுக்கு நடந்ததும் இதுவும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. மூல நிரலையும் வெளியிட்டுவிட்டார்கள், ஆகவே அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் உலவுகின்றன.

மிராய் நினைவகத்தில் மட்டும் வாழும். பெட்டியை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் வாசல் திறந்திருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வரும். ஆகவே பண்டாரவளைக்காரர் செய்தது இந்த வரிசையில்: பெட்டியின் கேபிளைக் கழற்றினார். ரவுட்டரில் யுபிஎன்பியை நிறுத்தினார், அதுதான் பெட்டிக்காகத் தானாகவே வெளிவாசல் திறந்து கொடுத்திருந்தது. கமராப் பொருத்தியவர் கைமுறையாகத் திறந்துவைத்த போர்ட்களையும் மூடினார். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தார். பிறகுதான் பெட்டியை மீண்டும் ஓடவிட்டு அதன் கடவுச்சொல்லை மாற்றினார்.

ஒன்றைக் கவனியுங்கள். மலிவான பெட்டிகள் சிலவற்றில் திரையில் நீங்கள் மாற்றும் கடவுச்சொல் ஒன்று, உள்ளே டெல்நெட்டுக்குப் பதித்த கடவுச்சொல் வேறொன்று. இரண்டாவதை மாற்றவே முடியாது. அதனால்தான் வாசலை ரவுட்டரில் மூட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கமராவை விருந்தினர் வைஃபை போன்ற தனி வலையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ரவுட்டருக்கும் இதே ஆபத்து உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வீட்டு ரவுட்டர்கள் செயலிழந்தன. மிராயின் வேறொரு வடிவம் 7547 என்ற தொலைநிர்வாகப் போர்ட் வழியாகப் புக முயன்றது. புக முடியவில்லை, ஆனால் முயற்சியிலேயே ரவுட்டர்கள் விழுந்தன. நிறுவனம் கொடுத்த பழைய ரவுட்டருக்கு நிலைப்பொருள் (அதற்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு வருவதே இல்லை என்றால், புதியது கேட்டு முறைப்பாடு செய்ய உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பெப்ரவரி 2இல் ரவுட்டர் வாங்காதீர்கள் என்றேன். இந்தக் காரணத்துக்காக என்றால் வாங்கலாம்.

மார்ச் 15

5ஆம் திகதிக் குறிப்போடு இதையும் சேர்த்து வாசியுங்கள். பகிர்ந்த முகவரி மதில் என்று எழுதியது பழைய முகவரி முறையான ஐபிவி4க்கு. உங்கள் இணைப்பில் புதிய முறையான ஐபிவி6ம் இருந்தால், வீட்டுக்கெனத் தனி முகவரித் தொகுதி ஒன்று இருக்கிறது, அது பகிரப்படுவதில்லை. சாதனங்கள் கடைசிப் பகுதியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும், முன்பகுதியை அவை மாற்றுவதில்லை. முன்பகுதிக்கு அடித்தாலே கம்பி நிரம்பும். ரவுட்டரில் ஐபிவி6 தீச்சுவர் இயங்குகிறதா என்று பாருங்கள். அது வெள்ளத்தை நிறுத்தாது, ஆனால் கமராவின் வாசலை மூடும். இதற்காக ஐபிவி6ஐயே அணைக்க வேண்டியதில்லை.

நாளை மறுநாள் பரீட்சை. கொட்டகலை மாணவர்களுக்கு வாழ்த்துகள்.

மார்ச் 29

மாலையில் இடி தொடங்கிவிட்டது. இரண்டு பருவமழைக்கு நடுவிலான காலம், பிற்பகல் வெயில் ஏறி மலையில் முட்டி இடியாக இறங்கும். இந்த வாரம் “தாக்குதல்” என்று எனக்கு வந்த செய்திகள் எல்லாம் மின்னல்தான். செப்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் வானம் கறுத்ததும் மின் செருகியை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். கம்பி வழியாகத்தான் மோடம் எரிகிறது. பைபரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மின்வழங்கி எரியும். பைபர்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் நார் அறுந்திருக்கும். அதற்கு எதிரியைத் தேட வேண்டாம், வீதியோரம் விழுந்த மரத்தைத் தேடுங்கள்.

ஜூன் 22

கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் வெளியிட்ட செய்தியைப் பலரும் பகிர்கிறீர்கள். மே மாத நடுவில் நொடிக்கு 7.3 டெராபிட் தாக்குதல், 45 நொடியில் 37.4 டெராபைட். ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளிலிருந்து, 161 நாடுகளிலிருந்து வந்திருக்கிறது.

45 நொடி. மனிதர் ஒருவர் தொலைபேசியை எடுத்து முறைப்பாடு சொல்லி முடிக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தடுப்பு இனி நிறுவனங்களின் வலையில் தானாகவே இயங்க வேண்டும். வீட்டு இணைப்பு விற்கும் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: வெள்ளத்தைத் தானாகக் கண்டு வடிகட்டும் ஏற்பாடு வீட்டு வாடிக்கையாளருக்கும் உண்டா, பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமா? இணைப்பு எடுக்கும்போதே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒருவர், பழைய கமராப் பெட்டியை மாற்றிவிட்டேன், அதை ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். இணையத்தோடு இணைக்காமல் திரையில் மட்டும் பார்ப்பதென்றால் தாராளமாகக் கொடுங்கள், நன்றாக ஓடும். வன்தட்டிலிருக்கும் உங்கள் வீட்டுப் பதிவுகளை அழித்துவிட்டு, பின்பக்கத்திலுள்ள வலைக் கேபிள் துளையை நாடாவால் ஒட்டி, ‘இணைக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். யாராவது ஒருநாள் கைத்தொலைபேசியில் பார்க்க ஆசைப்பட்டு இணைக்கக்கூடும். அப்படி ஆசை வந்தால் அந்த நிலையத்துப் பையன்களை மார்ச் 9ஆம் திகதிக் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது எனக்கு எழுதச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் வரும்போது பார்த்துத் தருகிறேன்.